ஆளுக்கு ஒரு பின்னு

அழகுராஜா தள்ளிய ஸ்ட்ரெச்சர் வார்டு வாசலோடு நின்றுவிட்டது. சக்கரம் சிக்கிக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தான். சக்கரம் சரியாகத்தான் இருந்தது. நான்காம் படுக்கை முருகம்மாள் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பிடியேவா கொண்டு போற?" என்றாள்.

வெள்ளைத் துணிக்கு வெளியே அம்மா அன்னக்கொடியின் தலை மட்டும் தெரிந்தது. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் கொண்டை அவிழ்ந்து, முடி ஸ்ட்ரெச்சர் ஓரமாகத் தொங்கியது. முருகம்மாளின் தலையில் வலதுபக்கம் படிய வாரி எண்ணெய் மினுங்கியது. இடதுபக்கம் பறட்டையாக நின்றது. காலையில் அந்தப் பாதித் தலையை முடித்ததும்தான் அன்னக்கொடி, "செத்த இருத்தா" என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் ஓடி வந்திருக்கிறார். முக்கால் மணிநேரம் பார்த்திருக்கிறார்கள். அழகுராஜா கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கீழக்குயில்குடி சாலையில் சுற்றுவட்டாரம் கூடிக் கட்டிய ஆஸ்பத்திரி அது. அங்கே எந்தப் பொருளும் பெயர் இல்லாமல் இருக்காது. ஸ்ட்ரெச்சர், அமரர் பால்பாண்டி நினைவாகப் பேரன் பேத்திகள் பதினோரு பேர் உபயம். பதினோரு பெயரும் சிவப்பு பெயிண்டில் இருந்தன. பெண்கள் வார்டு மின்விசிறியை மூன்று சகோதரர்கள் கொடுத்திருந்தார்கள். பேயாண்டி, நல்லகாமன், சின்னான் என்று இறக்கைக்கு ஒருவர். விசிறி சுற்றினால் மூவரும் மறைந்துவிடுவார்கள். கரண்ட் போனால்தான் அவர்களுக்குப் பெருமை.

அன்னக்கொடி கொடுத்தது சீப்பு. செவ்வாயும் வெள்ளியும் வந்து, வார்டில் கிடக்கும் பெண்களுக்குத் தலை வாரிவிடுவாள். படுக்கைக்கு ஒரு சீப்பு; ஒவ்வொன்றின் பிடியிலும் வேறு நிறத்தில் நூல் கட்டியிருக்கும். ஒருத்தியின் சீப்பு இன்னொருத்தி தலைக்குப் போகாது. குணமாகி வீட்டுக்குப் போகிறவளோடு சீப்பும் போய்விடும். அடுத்து வருகிறவளுக்குப் புதுசு. "எங்கம்மா பெரிய ஹேர் ஸ்பெசலிஸ்ட்டுடா" என்று சொல்லி அழகுராஜா கேன்டீனில் நிறையச் சிரிக்க வைத்திருக்கிறான். ஒருநாள் அவளிடமே கேட்டான்.

"ஏம்மா, அம்புட்டு சீப்பு வாங்கிக் குடுக்குற, உபயம் அன்னக்கொடின்னு எழுத வேணாமா?"

"எழுதுனா பெயிண்டு தலையில ஒட்டும்டா" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொன்னாளா என்று கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.

தாய்மாமன் மலையாண்டி நடைவழியிலிருந்து எட்டிப் பார்த்தார். தங்கச்சிக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு உசிலம்பட்டியிலிருந்து வந்திருந்தார். அந்தச் சேலை போர்த்தாமல் பாடை எழும்பாது.

"என்ன மாப்ள, வண்டி நிக்கிதுல்ல."

"தலைய வாரி அனுப்புறோம்ணே" என்றாள் முருகம்மாள்.

"அதெல்லாம் வீட்டுல எங்க பொம்பளைக பாத்துக்கிடுவாக. குளிப்பாட்டுறது, தல முடியிறது எல்லாம் சொந்தத்துல உள்ளவுக செய்யிறது. ஊரு பேரு தெரியாதவுக கைய வச்சா நாளைக்குச் சனம் என்ன பேசும்?"

"எங்க ஊரு பேரு கேட்டாண்ணே உங்க தங்கச்சி எங்க தலையத் தொட்டுச்சு?"

மலையாண்டி மருமகன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மாப்ள. இங்கன தொட விட்டேன்னா, கோடிய உன் கையில குடுத்துட்டு நான் இப்பிடியே பஸ் ஏறிப் போறேன்."

எல்லாரும் அழகுராஜாவைப் பார்த்தார்கள். எதைக் கேட்டாலும் ஒரு கிண்டல் சொல்லித் தப்பித்துத்தான் இருபத்தோரு வயது வரை வந்திருந்தான்.  

"கொஞ்ச நேரம் மாமா" என்றான். ஸ்ட்ரெச்சரை வாசலிலிருந்து திரும்ப உள்ளே இழுத்தான்.

காற்றில் முடி பறக்கிறது என்று நர்ஸ் தமிழ்வாணி விசிறியை நிறுத்தினாள். மூன்று சகோதரர்களும் மெதுவாக வெளிப்பட்டார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வார்டில் ஒன்பது பேர். கூப்பிடாமலே இறங்கி வந்தார்கள். ஒருத்தி குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்திருந்தாள். இறங்க முடியாத ஒருத்தியின் கட்டிலருகே ஸ்ட்ரெச்சரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவரவர் கையில் அவரவர் சீப்பு. மஞ்சள் நூல், பச்சை நூல், ஊதா நூல். ஒருத்தி தலைக்கு ஒரு சீப்பு என்ற சட்டம் அன்று மட்டும் செல்லவில்லை.

முதலில் சிக்கெடுத்தார்கள். நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே போனார்கள். அழகுராஜா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், சற்றுப் பிந்தித்தான் மற்றதைக் கவனித்தான். ஒருத்தி சீப்பை இழுக்கும்போதெல்லாம், அவளுடையதோ பக்கத்தில் நின்றவளுடையதோ ஒரு கை முடியை வேரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலிக்காமல் இருப்பதற்கு. ஒருத்தி தவறாமல் எல்லாரும் அப்படித்தான் பிடித்தார்கள். அவனுக்குச் சின்ன வயதில் அம்மா பேன் பார்த்த கை அது. இப்போது ஒன்பது பேரிடம் இருந்தது.

பிறகு முடியை மூன்று காலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பின்னு போட்டார்கள். முருகம்மாளுடையது இறுக்கமாக விழுந்தது. கோரிப்பாளையம் மைமூன்பீவிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்து ஒரு மாதம். இடது கையால் பின்னலின் ஒரு காலைத் தூக்கிப் போட்டுவிட்டு, "மன்னிச்சிரு புள்ள" என்றாள்.  பின்னல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, நழுவாமல், கீழே கீழே இறங்கி வந்தது. கோயில் திருவிழாவிலோ, பரீட்சை முடிவு பார்க்கும்போதோகூட அழகுராஜா மூச்சை இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

"கடைசி ஒண்ணு நீ போடுப்பா."

"எனக்குத் தெரியாதுக்கா."

"வலது கால எடுத்து நடுவுல போடு. அம்புட்டுதான்."

போட்டான். தமிழ்வாணி மாத்திரை அட்டைகளில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டு ஒன்றைக் கொடுத்தாள்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது நடைவழியில் மாமாவைக் காணவில்லை. பஸ் ஏறிவிட்டார் என்றே நினைத்தான். பின்னால் வார்டில், யாரோ முருகம்மாளை உட்கார வைத்து அவளுடைய மீதித் தலையில் சீப்பை வைத்தார்கள். ஆம்புலன்சில் மலையாண்டி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கோடிச் சேலை மடியில் இருந்தது. 

வீட்டுக் கொல்லையில் நான்கு பேர் சேலையை மறைப்பாகப் பிடித்திருக்க, பெண்கள் உள்ளே குளிப்பாட்ட ஆயத்தமானார்கள். அழகுராஜா தண்ணீர்க் குடத்தோடு இந்தப் பக்கம் நின்றான். பக்கத்தில் மாமா.

உள்ளே ஒச்சாயி அத்தையின் குரல் கேட்டது. "தலைய அவுருங்கடி. எண்ணெ சீயக்கா வைக்கணும்ல."

குடம் கனத்தது.

"ஒச்சாயி" என்றார் மலையாண்டி, மறைப்புச் சேலையைப் பார்த்தபடி. "பின்னல அவுக்காத. உச்சியில மட்டும் தொட்டு வையி."

"ஏங்க, முறையின்னு ஒண்ணு..."

"அவுக்காதங்கிறேன்ல."

 பின்னலை அத்தை கையில் எடுத்துப் பார்க்கிறாள் போலிருந்தது.

"மேல நல்லாத்தேன் பின்னியிருக்கு. அடியில யாரு போட்டது? இப்பவே கழண்டுரும் போலருக்கு."

 ரப்பர் பேண்டு இழுபட்டு இன்னொரு சுற்று விழும் சத்தம் கேட்டது. அழகுராஜா குடத்தைத் தோளிலிருந்து இறக்கிச் சேலைக்கு மேலாக நீட்டினான்.