பக்கத்துக் கட்டடத்து மின்சாரம்

1.

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை இல்லை என்று யாரும் குறை சொல்லக்கூடாது. என் அக்கா ஒரு பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியர். மின்சாரத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது, வரும் ஆண்டுகளில் எவ்வளவு தேவைப்படும் என்று கணிப்பது, இவைதான் அவள் பாடம். பதினோரு வருஷமாக வருகை தந்துகொண்டே இருக்கிறாள். எந்த வீட்டிலாவது விருந்தாளியைப் பதினோரு வருஷம் வாசலிலேயே நிறுத்திவைப்பார்களா?

2.

முதல் தொடக்கம்: நாட்டின் மின்தேவையை மூன்றாண்டு முன்பே கணிப்பவளுக்குத் தன் அடுத்த மாதத்தைக் கணிக்க…

அக்கா படித்துவிட்டு, "டேய், இதை ஒவ்வொரு கருத்தரங்குலயும் எவனாவது சொல்லிச் சிரிக்கிறான். அடிச்சிடு" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: ஒவ்வொரு ஜூனிலும் அவளுடைய அடையாள அட்டை காலாவதியாகும். புதியது வர ஆறு வாரம். அதுவரை வாசல் காவலாளி, "தப்பா நினைச்சுக்காதீங்க மேடம்" என்று பார்வையாளர் நோட்டை நீட்டுவார். 'யாரைப் பார்க்க?' என்ற கட்டத்தில் அக்கா தன் பெயரையே எழுதுவாள். (இது நான் புனைந்தது இல்லை. இப்படிப் புனைய எனக்குத் துணிச்சல் கிடையாது.)

3.

விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரத்தை மிச்சப்படுத்த அக்காவின் துறைக் கட்டடத்தில் விளக்கு, ஜன்னல் கண்ணாடி, ஏசி எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஒரு வருஷம் கழித்து மீட்டரைப் பார்த்தால் முப்பத்தொரு சதவீதம் மிச்சம். தலைகால் புரியாத சந்தோஷம். அக்கா மட்டும் மீட்டரை விட்டுவிட்டு ஆட்களை விசாரித்தாள். நடுவில் இரண்டு ஆய்வகங்களை, பெரிய மின் உலைகளோடு, பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மின்சாரம் பெரும்பாலும் இடம்தான் மாறியிருந்தது. உண்மையான மிச்சம் ஆறு சதவீதம்.

துறைத்தலைவரிடம் போனாள்.

"பக்கத்துக் கட்டடம் நம்ம திட்டத்துலயே இல்லையே, மேடம்?"

"உலை நம்மளோடதுதானே, சார்?"

"மீட்டர் நம்மளோடது இல்லையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் பக்கத்து வீட்டுச் சோற்றில் மறைக்கிறார்!

"முப்பத்தொரு சதவீதம் மிச்சம்னு அறிக்கை தயாரா இருக்கு. நீங்க கையெழுத்து போட்டா வெள்ளிக்கிழமை அமைச்சகத்துக்குப் போயிடும். உங்க நிரந்தர நியமனத்தையும் அப்பவே முடிச்சிடலாம்" என்றாராம்.

(இவரைப் பக்கா வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அக்காவுக்கு நல்லது செய்வதாக உண்மையாகவே நம்புகிறார். அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.)

4.

முடிவு அ: அறிக்கையைக் கிழித்து அவர் மேசையில் போடுகிறாள்.

முடிவு ஆ: மாணவர்கள் முன்னால் 'ஆறு' என்று பலகையில் எழுதிவிட்டு வெளியேறுகிறாள். கைதட்டல்.

முடிவு இ: ராஜினாமாக் கடிதத்தோடு அவள் நேராக அமைச்சகத்துக்கே…

அக்கா எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"மூணுலயும் என் வேலை போகுது. எழுதுற உனக்கு என்ன போகுது?"

"வேற என்ன பண்ணுவ நீ?"

"போட்டுட்டேன்டா."

"எதை?"

"கையெழுத்தை. திங்கக்கிழமையே."

கத்திவிட்டேன். "ஆறுன்னு கண்டுபிடிச்சதே நீதானே! இதை நம்பி அமைச்சகத்துல இன்னும் நானூறு கட்டடத்துக்கு இதே மாதிரி கணக்குப் போடுவாங்க. தேவையைக் குறைச்சுக் கணிப்பாங்க. கடைசியில கரண்ட் பத்தாது. வெக்கமா இல்ல உனக்கு?"

"இருக்கு. பதினோரு வருஷமா வேற ஒரு வெக்கத்தோட இருந்தேன். அப்ப நீ கதை எழுதலையே?"

5.

கதாநாயகியாக்க நினைத்தவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். துறைத்தலைவர் மேலிருந்த கோபத்தில் பாதி அவள் மேல் பாய்ந்தது. மீதி என் மேலேயே திரும்பிவிட்டது.

இன்று புதன். அறிக்கை இன்னும் துறைத்தலைவரிடம்தான் இருக்கிறது. கேட்டால் திருப்பி வாங்கிவிடலாம். அக்கா சற்றுமுன் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று கேட்டாள்: "சொல்லுடா. போய் வாங்கிடவா?"

இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். நீங்களே பதில் சொல்லுங்கள். ஆனால் வாங்கு என்று சொல்கிறவர்கள், தங்கள் வேலை நிரந்தரமா என்பதையும் கூடவே சொல்லுங்கள். என் வேலை நிரந்தரம். அதனால்தான் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.