பொடி கேட்கவில்லை

வடக்கனந்தல் அம்சவள்ளிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பதினாறு வயதில் சர்க்கரையா? நிறைய மிட்டாய் தின்றாயா? இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிற்று. உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லை, தினமும் ஊசி போட்டால்தான் உயிர் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னால், உச்சுக்கொட்டிவிட்டு ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள்.

அதன்பிறகு அம்மா பெரியநாயகி யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள். வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள்? விருந்தாளி வந்தால் மாட்டுக் கொட்டகையில்தான் ஊசி. அப்பா நாராயணசாமி எதிலும் தலையிடமாட்டார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவார்.

தாய்மாமன் சுப்புராயன் கல்வராயன் மலையிலிருந்து வேர்ப் பொடி வாங்கிவந்தார். ஊசியை நிறுத்தினால்தான் பொடி வேலை செய்யும் என்றார். அம்மா இன்சுலினை எடுத்து ஒளித்துவைத்தாள். அம்சவள்ளி சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. ஒருவேளை மாமா சொல்வது நிஜமாக இருந்தால்? குத்திக் குத்தி அவளுக்கும் வெறுத்துப்போயிருந்தது.

மறுநாள் பள்ளியில் வாந்தி எடுத்தாள். மூச்சு இரைத்தது. விஷயம் தெரிந்த ஒரே தோழி கண்ணகி ஆசிரியையிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

பார்க்க வந்த மாமா, பத்தியம் சரியில்லை, அதனால்தான் பொடி கேட்கவில்லை என்றார். அதற்கு அம்மாவும் தலையாட்டினாள். அம்சவள்ளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நான் செத்திருந்தாலும் பத்தியம் சரியில்லன்னுதான் சொல்லிக்கினு இருப்பீங்க மாமா,” என்றாள். அம்மா பக்கம் திரும்பினாள். “என்ன யாரு கட்டிக்குவான்னு கவலப்படுறியே, அதுக்கு மொதல்ல நான் உசுரோட இருக்க வாணாமா?”

மாமா எழுந்து போய்விட்டார். அம்மா அழுதாள். வாசலிலேயே நின்றிருந்த அப்பா உள்ளே வந்து, ஊசி போடுவதை எனக்குக் காட்டுங்கள் என்று நர்சைக் கேட்டார். அவர் ஊசியைத் தலைகீழாகப் பிடிப்பதைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தானே ஊசியை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்தபின் அம்மா மாரியம்மன் கோயில் கயிற்றைக் கட்டிவிட்டாள். கட்டட்டும், கயிறு ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இப்போது வேறு தொல்லை. பல் விளக்கும்போது ஊசி போட்டாயா என்பாள். போட்டபின்பும் கேட்பாள். இட்லியைத் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

“போட்டாச்சும்மா. இன்னும் எத்தினி வாட்டி கேப்ப?”

“தெனமும் கேப்பேன். சாப்புடு.”