முள் எட்டைத் தாண்டாது

கணவர் போய் ஏழு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நர்ஸ் அவருடைய காரைத் தனியாக வெளியே எடுத்தாள். மூன்றாவது தெருவுக்குள் அது அவளுடைய உயிரைக் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டது.

அவளுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. மருத்துவமனையின் சின்ன வேனைப் பத்து வருடமாக ஓட்டுகிறாள். ஆனால் இந்தக் கார் வேறு ரகம். வெளியிலிருந்து பார்த்தால் சாதுவான சாம்பல் நிறம், பின்கதவில் ஒரு நெளிவு. உள்ளே, அவர் பின்னாளில் ஆசைப்பட்டு வாங்கிப் பொருத்திய டர்போ. புகை போகிற வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவைத்து, அந்தச் சக்கரத்தைக் கொண்டே இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற ஏற்பாடு. மிதித்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணும்வரை ஒன்றுமே நடக்காது. அதற்குப் பிறகு யாரோ பின்னாலிருந்து முதுகில் கைவைத்துத் தள்ளினதுபோல் பாயும்.

அன்றைக்கு அது பாய்ந்து நின்ற இடம், ஒரு கடை வாசலில் நடைபாதையில் போட்டிருந்த சோபாவுக்கு அரை முழம் முன்னால். சோபாவில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி, பெரிய மனிதர் யாரோ வந்ததுபோல் எழுந்து நின்றார்கள். அவள் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டாள். பிறகு முதல் கியரிலேயே, ஊர்வலம் போகிற வேகத்தில் வீடு வந்து சேர்ந்தாள்.

சேதி அவளுக்கு முன்னால் கொழுந்தன் வீட்டுக்குப் போய்விட்டது. மத்தியானமே வந்து நின்றான்.

"அண்ணி, நான் அப்பவே சொன்னேன். அண்ணனுக்கே சில நாள் அடங்காது அது. நீங்க அதுல பால் வாங்கப் போனா, வீடு வர்றதுக்குள்ள வெண்ணெயா திரண்டுடும்."

"திரளட்டும். நெய் காய்ச்சுற வேலை மிச்சம்."

"விளையாடாதீங்க. வண்டியை விலைக்கு ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லட்டுமா?"

அவன் பேராசையில் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அண்ணனை அனுப்பிவிட்டு வந்தவனுக்கு, அண்ணியையும் அனுப்பத் தெம்பு இல்லை. ஆனால் அந்தக் காரின் இடது பக்கத்து இருக்கையில்தான் அவள் ஒன்பது வருடம் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டில் அவருடைய சட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டாள், செருப்பைக் கொடுத்துவிட்டாள். இதைக் கொடுக்கக் கை வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நீ வா. உன்னை உக்காரவெச்சு நானே ஓட்டிக் காட்டறேன். நீ ஒரு தடவை 'ஐயோ'ன்னு சொன்னாலும் கொடுத்துடலாம்" என்றாள்.

"ஒரே தடவை போதுமா?"

"போதும்."

அவன் வெற்றி பெற்றவன்போல் தலையாட்டிவிட்டுப் போனான். சோபாக்காரர்கள் சொன்ன கதையை அவன் முழுதாக நம்பியிருந்தான்.

மறுநாள் பணி முடிந்ததும் அவள் காரை மெக்கானிக்கின் கொட்டகைக்கு உருட்டிக்கொண்டு போனாள். டர்போவைப் பொருத்தியவரே அவர்தான், கணவருக்குப் பழைய கூட்டாளியும். கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் சந்தேகம். ஒரு போல்ட்டை இறுக்கினால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். மழை பெய்கிறது என்று சொன்னால் கையை வெளியே நீட்டுவார்.

"வாங்க சிஸ்டர். சோபா வாங்கப் போனீங்களாமே" என்றார்.

"உங்களுக்கும் வந்துடுச்சா? அண்ணே, இதோட அழுத்தத்தைக் குறைக்கணும். மீட்டர்ல எட்டு காட்டுது. எனக்கு எட்டு தாங்கல. அஞ்சாக்கிக் கொடுங்க."

"எட்டே தாங்கலையா?" அவர் முகத்தில் சந்தேகம் எட்டிப் பார்த்தது. "எட்டு பவுண்டு அழுத்தம் ஒண்ணும் அவ்வளவு முரட்டுத்தனம் பண்ணாதே. சரி, பார்ப்போம்."

எட்டு என்பது ஒரு பழைய ஒப்பந்தம். டர்போ வந்த புதிதில் அவள் கணவரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள்: நான் உட்கார்ந்திருக்கும்போது அந்த முள் எட்டைத் தாண்டினால், இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவேன். அவர் நெஞ்சில் கைவைத்து, "நீ இருக்கும்போது முள் எட்டைத் தாண்டாது" என்றார். தாண்டவும் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட. மேட்டில் ஏறும்போதும், லாரியை முந்தும்போதும், அவள் கண் மீட்டரிலேயே இருக்கும். முள் எட்டுவரை போகும், மரியாதையாக நிற்கும்.

அவர் சொன்னால் நம்பலாம். அவருடைய தொழிலே அதுதான். கடைகளின் எடை மெஷின்களைப் பழுதுபார்த்துச் சரியாக்கிக் கொடுப்பவர். முள்ளைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொன்ன ஒரு கடைக்காரனிடம், கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர்.

மெக்கானிக் பானட்டைத் திறந்தார். ரப்பர் குழாய்களுக்கு நடுவில் நகம் அளவு பித்தளைத் திருகு ஒன்று இருந்தது. "அழுத்தத்தை ஏத்துறதுக்கு இதை உள்ளே திருகணும். இறக்குறதுக்கு வெளியே திருகணும்" என்று சொல்லிக்கொண்டே தொட்டவர், கையை எடுத்துவிட்டார்.

"என்ன?"

"ஏற்கெனவே முழுசா வெளியேதான் இருக்கு. இதுக்கு மேல இறக்க இடமில்லை."

"அப்ப எட்டுதான் என் தலையெழுத்தா?"

"அப்படி இல்லை. இந்த டப்பாவுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கு." டர்போவின் ஓரத்தில் இருந்த, மூடி போட்ட சின்ன டப்பாவைக் காட்டினார். "மிச்சப் புகை வெளியே போக ஒரு கதவு உண்டு. அந்தக் கதவைப் பிடிச்சு வெச்சிருக்கிறது இந்த ஸ்பிரிங். இது தளர்வா இருந்தா கதவு சீக்கிரம் திறக்கும், அழுத்தம் ஏறாது. திருகை வெச்சு ஏத்தலாமே தவிர, ஸ்பிரிங்குக்குக் கீழே இறக்க முடியாது. நான் போட்டது எட்டு பவுண்டு. ஆறு ஒண்ணு கிடக்கு, போட்டுடலாம்."

டப்பாவைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுபோய் மூடியைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நான் போட்டது மஞ்சள் பூச்சு, சிஸ்டர். இது நீலம்."

"நீலம்னா?"

"பன்னிரண்டு."

"பன்னிரண்டுன்னா மீட்டர் பன்னிரண்டு காட்டணுமே?"

"அதான் எனக்கும் புரியலை."

இருவரும் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் நின்றிருந்தது. மீட்டரின் முள் சுழியத்துக்குக் கொஞ்சம் கீழே சாய்ந்து கிடந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் கிடக்குமா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"ஆமா. நான் கேட்டிருக்கேன். வண்டி தூங்குது, தூங்கும்போது முள்ளும் கொஞ்சம் படுத்துக்கும்னு சொன்னார்."

சொல்லும்போதே குனிந்து முள்ளை இன்னொரு தடவை பார்த்தாள்.

தினமும் அறுபது பேருக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறவள் அவள். பட்டையைக் கட்டுவதற்கு முன்னால் கருவியின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். ஒரு கோடு விலகியிருந்தாலும் அந்தக் கருவியைத் தொட மாட்டாள், புதிதாக வருகிற நர்ஸ்களையும் தொட விட மாட்டாள். அப்படிப்பட்டவள், ஒன்பது வருடம், கண்ணுக்கு நேராகப் படுத்துக் கிடந்த முள்ளைப் பார்த்து, 'தூங்குது' என்பதை நம்பியிருக்கிறாள்.

மெக்கானிக் அதற்குள் வேலையில் இறங்கிவிட்டார். மீட்டருக்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றி, சக்கரத்துக்குக் காற்றடிக்கிற கால் பம்பின் வாயில் செருகி, கம்பி சுற்றி இறுக்கினார். பம்பில் ஒரு மீட்டர் உண்டு. "நான் மிதிக்கிறேன். நீங்க உள்ளே பார்த்துச் சொல்லுங்க. இங்க எட்டு."

"இங்க நாலு."

"பத்து."

"ஆறு."

"பன்னிரண்டு."

அவள் குரல் கொஞ்சம் தாமதமாக வந்தது. "எட்டு."

"என் பம்பு மேலதான் சந்தேகமா இருக்கு" என்று மெக்கானிக் பக்கத்து பஞ்சர் கடைக்குப் போய் வேறொரு பம்பு வாங்கி வந்தார். அதுவும் பன்னிரண்டுக்கு எட்டு சொன்னது. மீட்டரைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடி வளையத்தின் ஓரத்தில், கவனமாகத் திறந்து கவனமாக மூடிய ஒரு மெல்லிய கீறல் இருந்தது. அவர் அதை விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "முள்ளைப் பிடுங்கி நாலு கோடு கீழே வெச்சு நட்டிருக்கான். சுத்தமான வேலை. ஊர்ல உள்ள ஒவ்வொரு ஆளையும் சந்தேகப்பட்டேன் சிஸ்டர். இவனை மட்டும் விட்டுட்டேன்."

ஊரில் ஒருவனுக்கும் முள்ளைத் தள்ளிவைக்காதவர், ஒரே ஒரு முள்ளைத் தள்ளிவைத்திருக்கிறார். அதுவும் வீட்டில்.

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். கடைசியாக அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயு, ஒண்ணுமில்லை" என்று இரண்டு நாள் சொன்னதும் இதே முகத்தோடுதானே. அந்தப் பொய்யை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிப்பாளா என்றும் தெரியாது. ஆனால் இந்தப் பொய்யைக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க, மேட்டில் ஏறும்போது அவர் ஓரக்கண்ணால் அவளைப் பார்ப்பது ஞாபகம் வந்தது. "பார், எட்டுதான்" என்று முள்ளைச் சுட்டிக்காட்டுகிற அந்த விரலும், கடமை தவறாதவரின் அந்தப் பாவமும். அவள் அந்த விரலைப் பார்த்து மெச்சிக்கொண்டதும்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அடக்க முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, விலா வலிக்கச் சிரித்தாள். மெக்கானிக் முதலில் பயந்து தண்ணீர் எடுத்து வந்தார். பிறகு அவரும் சிரித்து, கொண்டுவந்த தண்ணீரைத் தானே குடித்தார்.

"வாக்கு மாறலையே அண்ணே. முள் எட்டைத் தாண்டாதுன்னுதானே சொன்னார். தாண்டவே இல்லை."

"அப்ப அந்த மஞ்சள் ஸ்பிரிங் எங்கே? அவன் எதையும் தூக்கிப் போடற ஆள் இல்லையே."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. காரின் முன்பக்கம் இருந்த சின்னப் பெட்டியில், வளைவுகளில் எல்லாம் கடகடவென்று உருளும் ஒரு இருமல் மிட்டாய் டப்பா. உதிரி ஆணி என்று சொல்வார். எடுத்துத் திறந்தாள். உள்ளே, அவளுடைய மருத்துவமனைக் கட்டுத்துணியில் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றிவைத்த மஞ்சள் ஸ்பிரிங்.

"என் காஸ் துணி" என்றாள். "அதையும் சுட்டிருக்கார்."

மஞ்சள் ஸ்பிரிங் டர்போவின் டப்பாவுக்குள் திரும்பிப் போனது. நீலம் கட்டுத்துணிக்குள் போனது. ஊர் எல்லையில், ஆள் நடமாட்டம் இல்லாத அகலச் சாலையில் அவள் ஓட்டிப் பார்த்தாள். மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிதித்தாள். ஒன்று, இரண்டு. கை வந்து முதுகில் பட்டது. தள்ளவில்லை, அணைத்துக் கூட்டிப்போனதுபோல் போனது. முள் நாலில் நின்றது.

"அஞ்சு கேட்டீங்க. நாலு கொடுத்திருக்கேன்" என்றார் மெக்கானிக். "நிஜத்துல எட்டு. இன்ஜினுக்கும் இதுதான் நல்லது. குறைச்சதால ஒரு கெடுதலும் வராது."

"எட்டுன்னா இவ்வளவுதானா?" அவள் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது. "அப்ப நான் இத்தனை வருஷம் ரசிச்சது பன்னிரண்டா?"

"அப்படித்தான் தெரியுது. முள்ளை எடுத்துச் சரியா நட்டுடட்டுமா?"

அவள் அடுத்த வளைவு வரைக்கும் யோசித்தாள். "வேண்டாம். படுத்திருக்கட்டும்."

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலைக்கு அதிலேயே போனாள். சனிக்கிழமை சோபாக் கடை வழியாக வேண்டுமென்றே ஒரு தடவை போய் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தான். இருக்கையில் ஏறி, வாரை இழுத்து மாட்டி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கடைத்தெரு, பாலம், மேடு என்று எல்லாவற்றையும் அவள் சுற்றிக் காட்டினாள். லாரியை முந்தினாள். இரண்டாவது கியரில் மிதித்தாள். அவன் வாய் 'ஐயோ'வுக்காகத் திறந்து, காரணம் கிடைக்காமல் மூடிக்கொண்டது. திரும்பி வருவதற்குள் அவன் ஒரு கையை விட்டுவிட்டு ஜன்னலில் முழங்கையை வைத்திருந்தான்.

வாசலில் வண்டி நின்றது. "நல்லாத்தான் ஓட்டறீங்க அண்ணி" என்றான், பல் பிடுங்கினதுபோல. "அவர்கிட்ட வரவேண்டாம்னு சொல்லிடறேன். அதென்ன, இன்ஜின் நின்ன பிறகு முள்ளு சுழியத்துக்குக் கீழே போயிடுச்சு?"

"அது தூங்குது தம்பி."

"ஓ." அவன் நம்பினான். "ஆனா எனக்கு ஒரு வாக்கு வேணும். அண்ணன்கிட்ட நீங்க வாங்கினதுதான். அந்த முள்ளு எட்டைத் தாண்டக் கூடாது."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து நெஞ்சில் வைத்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை உள்ளேயே நிறுத்த வேண்டியிருந்தது.

"தாண்டாது தம்பி. நீ இருக்கும்போது எட்டைத் தாண்டவே தாண்டாது."

அவன் நிம்மதியாக இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு வீட்டுக்குள் போனான். அவன் உள்ளே போய்விட்டானா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவள் பானட்டைத் தூக்கி, பித்தளைத் திருகை உள்ளே ஒரு கால் சுற்றுச் சுற்றினாள்.