அமாவாசை வோல்ட்டு

புதுவாயலில் மணவாளனின் மாவு மில்லை ஒட்டிய வீடு சின்னதுரையுடையது. மில் ஓடும்போது அவனும் மனைவி ரோசம்மாளும் சைகையில்தான் சண்டை போடுவார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒரு சண்டைகூடத் தெருவுக்குக் கேட்டதில்லை. ஊரில் அவர்களை ஆதர்ச தம்பதி என்றார்கள்.

எழுபத்தேழில் வானொலிக்காரர்கள் வந்து, ரோசம்மாளும் இன்னும் ஐந்து பெண்களும் பாடிய நடவுப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனார்கள். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பு. ஒரே தடவைதான். அதுவோ மில் ஓடும் நேரம். ரோசம்மாள் தன் குரலை வெளியிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

சின்னதுரை மூர் மார்க்கெட்டிலிருந்து பட்டாளத்து ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். மாட்டிக்கொண்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் அதைப் பாடவைக்க அவர்களுடைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குத் தெம்பில்லை. அதற்கென்று ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தான்.

"நாலு பேட்டரிக் கட்டை போட்டா ஓடாதா?" என்றாள் ரோசம்மாள்.

"கம்பெனில எட்டு மணி நேரம் டிரான்ஸ்பார்மர் சுத்தறவன் கட்டை வாங்கினா கடைக்காரன் சிரிப்பான்."

வீட்டுக் கரண்டிலேயே ஓட்டுவதென்று முடிவானது. டிரான்ஸ்பார்மர், டயோடு, கெபாசிட்டர், கடைசியில் ஒரு பவர் டிரான்சிஸ்டர். எத்தனை வோல்ட் வந்தாலும் பன்னிரண்டை மட்டும் வெளியே விட்டு, மிச்சத்தைச் சூடாக்கித் தள்ளுவது அதன் வேலை. அமாவாசைக்கு மில் லீவு. அந்த அமைதியில் உட்கார்ந்து லைனை அளந்தான். இருநூற்று முப்பது. அதற்கேற்ப டிரான்ஸ்பார்மரைச் சுற்றினான். ஒரு உர்ர் இல்லாமல் சங்கீதம் வந்தது.

மறுநாள் மில் ஓடியதும் ஹெட்போனுக்குள் எருமை கத்தியது. லைனில் நூற்று நாற்பதுதான். மில் ஓடினால் அந்தத் தெருவில் பல்பு எரிகிறதா என்று தீக்குச்சி கிழித்துத்தான் பார்ப்பார்கள். அதை மறந்துவிட்டு அமாவாசை வோல்ட்டுக்குச் சுற்றியிருந்தான்.

புதனன்று எல்லாவற்றையும் பிரித்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு சுற்று சுற்றினான். இப்போது மில் ஓடினாலும் பன்னிரண்டு அசையவில்லை. சூட்டை வாங்கிக்கொள்ள, டிரான்சிஸ்டரை இட்லிப் பானையின் அலுமினிய மூடியில் திருகினான்.

வியாழன் ஆறு மணி. ரோசம்மாள் ஹெட்போனோடு உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், மில் நின்றது. மணவாளன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"நம்மூட்டுப் பொண்ணு ரேடியோல பாடுது, நான் மில்லு ஓட்டிக்கினு இருப்பனா? நிறுத்திட்டேன். ஜாலியா கேளு!"

"ஐயோ, ஓட்டு நைனா, ஓட்டு!" என்று அலறினான் சின்னதுரை.

"இன்னாடா பேஜாரா கீது! நல்லது பண்ணாலும் கத்தற?" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

லைன் இருநூற்று முப்பதுக்கு எகிறியது. மிச்சமெல்லாம் மூடியில் சூடாக இறங்கியது; டிரான்சிஸ்டர் கருகினால் பாட்டும் போச்சு. 'கழற்று, ரேடியோவிலேயே கேட்கலாம்' என்று சின்னதுரை ஹெட்போனைத் தொட்டுச் சைகை செய்தான். ரோசம்மாள் கண்ணைத் திறக்காமலே அவன் கையில் ஒன்று போட்டாள்.

வேறு வழியில்லை. சூட்டைக் குடிக்கட்டும் என்று மூடிமேல் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தான். பாட்டின் இரண்டாவது அடியில் கொதித்தது. எடுத்துவிட்டு அடுத்த சொம்பு. பாட்டு முடிவதற்குள் மாவரைக்க வந்த பதினோரு பேருக்கும் டீ ஆகிவிட்டது. ஒருவர் மட்டும் சர்க்கரை குறைவு என்றார்.

ரோசம்மாள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"உர்ருன்னு ஏதாச்சும் கேட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல. ஆறு பேரு கொரலும் தனித்தனியா கேட்டுச்சு." கொஞ்சம் யோசித்தாள். "நான் நல்லாத்தான்யா பாடறேன். மூணாவது அடியில கோவிந்தம்மாதான் முந்திக்கினா. இரு, போய்ச் சொல்லிட்டு வரேன்."