தாகிக்குப் பைத்தியம் பிடித்த ஒன்பதாம் பாகம்

முரோய் கசுயோவின் மேல் ஹிகாமி சதோகோவுக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் லாபமில்லை. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் ஓர் ஏப்ரல் மாதத்தில், ஓகிகுபோ ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த அனிமே கார்ட்டூன் ஸ்டூடியோவில் பன்னிரண்டு பேர் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். இடுப்பு வலி, கல்யாணம், சம்பளம் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பத்துப் பேர் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது இந்த இரண்டு பெண்கள்தான். அதிலும் முரோய் ஆறு வருடத்துக்கு முன்பே ஓவிய மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். சதோகோ அதே நாற்காலியில், அதே பென்சிலோடு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

மேற்பார்வை என்றால் என்ன என்று கேட்டால் சதோகோ ஒரே வரியில் சொல்லிவிடுவாள்: மஞ்சள் தாள். ஒருத்தி உயிரைக் கொடுத்து ஒரு முகம் வரைந்து தருவாள். மேற்பார்வையாளர் அதன் மேல் மெல்லிய மஞ்சள் தாளை வைத்து, பிடிக்காத இடத்தைத் திருப்பி வரைவார். அதற்குப் பிறகு அந்த மஞ்சள் கோடுதான் செல்லும். அடியில் கிடப்பதை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆறு வருடமாகச் சதோகோ வரைந்த முகங்களின் மேல் முரோயின் மஞ்சள் தாள் உட்கார்ந்திருந்தது. திட்டி எழுதினாலாவது மனது ஆறும். அவளோ ஓரத்தில், ‘அழகா இருக்கு, கண்ணு மட்டும் கொஞ்சம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு குட்டிப் பூவும் போட்டுவைப்பாள். அந்தப் பூவைப் பார்த்தாலே சதோகோவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முன்பெல்லாம் “வாடி கசு, நூடுல்ஸ் சாப்பிடலாம்” என்று கூப்பிட்ட வாயால், இப்போது நாலு பேர் முன்னால் மரியாதை வைத்து “முரோய் சான், நீங்க ஒருதரம் பாத்துடுங்க” என்று சொல்ல வேண்டியிருந்தது. அது வேறு எரிச்சல்.

நவம்பர் முதல் வாரத்தில், அப்போது எடுத்துக்கொண்டிருந்த தொடரின் ஒன்பதாம் பாகத்துக்கான கூட்டம் நடந்தது. கதை, புல்லாங்குழல் கற்கும் இரண்டு பெண்களைப் பற்றியது. நாயகி மியோவை அரண்மனைக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூடவே வளர்ந்த தோழி தாகிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. பிரபலமான கதைப்புத்தகம்தான். ஆனால் இந்த ஓர் இடத்தில் அதன் மானம் போயிருந்தது.

“புத்தகத்துல இது வெறும் நாலு பக்கம்,” என்றார் இயக்குநர் தொகுரா. “நேத்து வரைக்கும் தோழிக்குச் சோறு போட்டவ, இன்னைக்குத் தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு கெக்கெக்கேன்னு சிரிக்கிறா. பத்து வருஷமா ஜனங்க இதை வெச்சு ஓட்டுறாங்க. ‘தாகிக்கு எப்பங்க பைத்தியம் பிடிச்சுது, நாங்க டீ குடிக்கப் போயிருந்தப்பவா?’ன்னு.”

எல்லோரும் சிரித்தார்கள். முரோயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“துணைப் பாத்திரம்தானே, விடுங்க,” என்றார் யாரோ.

“துணைப் பாத்திரம்னா அவளுக்கு மனசு கிடையாதா?” என்றாள் சதோகோ. சொன்ன பிறகுதான் குரல் ஓங்கிப்போனது அவளுக்கே தெரிந்தது.

தொகுரா அவள் பக்கம் திரும்பினார். “சரி ஹிகாமி சான், நீங்களே வரைங்க. முப்பத்தொரு ஷாட். நம்புற மாதிரி இருக்கணும். தாகியோட முகத்துல ஒரு திருத்தம்கூட இல்லாம வந்துச்சுன்னா, அடுத்த தொடருக்கு மேற்பார்வை நீங்கதான். எல்லார் முன்னாலயும் சொல்றேன்.”

திருத்தம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறவள் முரோய். கூட்டம் முடிந்ததும் அவள் பக்கத்தில் வந்து, “நல்லா வரும் பாரு. உனக்குன்னே வந்த ஸீன்,” என்றாள். உனக்கென்றே என்றால் என்ன அர்த்தம்? சதோகோ அன்று முழுக்க அந்த வார்த்தையைப் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். வரைகிறவர்கள் தங்கள் முகத்தையே கோணி, சுளித்து, பார்த்து வரைவார்கள். சதோகோ கண்ணை உருட்டினாள், பல்லைக் காட்டினாள், முடியை அவிழ்த்துவிட்டாள். பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்தவள் மாதிரி இருந்தாளே ஒழிய, பைத்தியம் வரவில்லை. கிழித்துப் போட்ட தாள் கூடை நிறைந்து தரையில் வழிந்தது.

நாலாம் நாள் நாகானோவில் இருக்கும் முரோயின் பிறந்த வீட்டிலிருந்து ஆப்பிள் பெட்டி வந்தது. வருடா வருடம் வருவதுதான். மேஜைக்கு ஒன்று வைத்துக்கொண்டே வந்த முரோய், சதோகோவுக்கு மட்டும் இரண்டு வைத்தாள். “நாம ஒரே வருஷம் சேந்த ஆளுங்க இல்லையா,” என்றாள்.

இந்தக் கரிசனத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை என்று மனதுக்குள் கரித்துக்கொட்டியபடி சதோகோ ஒரு பழத்தைத் தோல் சீவ ஆரம்பித்தாள். எதிரே தொகுரா வந்து முரோயின் மேஜையில் கையூன்றி நின்றார். ஏதோ சொன்னார். முரோய் சிரித்தாள். அவள் கையை எப்படி வைத்திருக்கிறாள், கழுத்தை எப்படிச் சாய்க்கிறாள், எத்தனை தரம் தலையாட்டுகிறாள் என்று சதோகோ ஒன்றுவிடாமல் பார்த்தாள். அவர் போன பிறகுதான் குனிந்தாள். கையில் பழமில்லை. தோலைச் சீவி முடித்து, சதையையும் சீவி, கொட்டை தெரிகிற நடுத்தண்டுதான் மிஞ்சியிருந்தது. பயந்துபோய்க் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் இருந்தது இனிமையான, சிரித்த முகம்.

அரைமணி நேரம் அவள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நேராகத் தொகுராவிடம் போனாள்.

“தலைவிரி கோலம் வேண்டாம். தாகி மியோவுக்குப் பழம் சீவித் தரட்டும். மியோ அரண்மனையப் பத்திப் பேசிக்கிட்டே இருக்கட்டும். இவ ‘அப்படியா, அப்படியா’ன்னு சிரிச்ச முகமா கேட்டுக்கிட்டே சீவட்டும். நிறுத்த வேணாம். கடைசில அந்தத் தண்டை ஒரு தட்டுல வெச்சு, மரியாதையா நீட்டட்டும். ‘சாப்பிடு’ன்னு.”

தொகுரா மோவாயைச் சொறிந்தார். “இதை எங்கேருந்து பிடிச்சீங்க?”

“சும்மா தோணுச்சு.”

“வரைங்க. சத்தியமா இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்.”

பன்னிரண்டு நாளில் முப்பத்தொரு ஷாட்டையும் முடித்தாள். தாகியின் விரல்களை வரையும்போது கை தானாகப் போயிற்று. மியோவை வரையும்போதும் ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. எதிராளியின் நெஞ்சில் என்ன வேகிறது என்று தெரியாமல் வாயெல்லாம் பல்லாகப் பேசிக்கொண்டிருக்கிற முகம். இந்த மியோக்களுக்கு எப்போதும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். வரைந்த தாள்களின் கட்டைக் கொண்டுபோய் முரோயின் அலமாரியில் வைத்தபோது, இதில் எங்கே கை வைக்கிறாய் பார்க்கிறேன் என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டு திரும்பி வந்தது. ஷாட்டுக்கு ஓர் உறை. சதோகோ ஒவ்வொன்றாகத் திறந்தாள். மஞ்சள் இல்லை. அடுத்ததிலும் இல்லை. இருபத்தாறு வரைக்கும் இல்லை. இருபத்தேழில் இருந்தது.

தட்டை நீட்டுகிற ஷாட். தாளைத் தூக்கிப் பார்த்தாள். தாகியின் மேல் ஒரு கோடுகூட இல்லை. திருத்தியிருந்தது மியோவின் முகத்தை.

சிரிப்பை முரோய் அப்படியே விட்டிருந்தாள். கீழ் இமையில் ஒரே ஒரு கோட்டை மயிரிழை ஏற்றியிருந்தாள். அவ்வளவுதான். மியோ இப்போது தட்டைப் பார்க்கவில்லை, தாகியைப் பார்த்தாள். தாகியின் நெஞ்சில் வேகிறது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அல்ல, வெகு நாளாகவே தெரிந்திருந்தது. பேச்சை நிறுத்தினால் தோழி என்ன ஆவாளோ என்று பயந்துதான் இத்தனை நேரமும் பேசிக்கொண்டிருந்தாள்.

சதோகோ தாள்களை விரலிடுக்கில் வைத்து, படம் அசைவது தெரியும்படி படபடவென்று புரட்டிப் பார்த்தாள். மஞ்சள் தாள் இல்லாமல் புரட்டினால், ஒருத்தி விசித்திரமாகப் பழம் சீவுகிறாள், அவ்வளவுதான். சிரிக்கிறவர்கள் இதற்கும் சிரிப்பார்கள். தாளோடு புரட்டினால் முதுகு சில்லிட்டது. தாகிக்கு எப்போது பைத்தியம் பிடித்தது என்று இனி ஒருவரும் கேட்க மாட்டார்கள். அது பிடித்துக்கொண்டே வந்ததைப் பார்த்த ஒருத்தி திரையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் இந்த முறை பூ இல்லை.

தொகுரா அந்தப் பக்கமாக வந்தார். “தாகி மேல ஒண்ணுமே இல்லையாம்! முரோய் சான் சொன்னாங்க. சொன்ன வார்த்தை சொன்னதுதான் ஹிகாமி சான், அடுத்த தொடர் உங்களுக்கு,” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆறு வருடமாக ஏங்கியது கிடைத்துவிட்டது. சதோகோ மியோவின் மேலிருந்த மஞ்சள் தாளை உருவித் தனியே வைத்தாள். தொலைந்துபோனது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? அதே கோட்டைத் தன் படத்திலேயே போட்டுவிட்டால் முப்பத்தொன்றும் தன்னுடையதாகிவிடும். அடியில் விளக்கெரியும் வெளிச்சப் பலகையில் புதுத் தாள் வைத்து, அடியில் பார்த்துப் பிரதி எடுக்காமல், சொந்தக் கையால் போட்டுப் பார்த்தாள். மியோ தூங்கி வழிந்தாள். அழித்துவிட்டுப் போட்டாள். திருட்டு முழி வந்தது. இன்னொரு தரம். காய்ச்சல்காரி மாதிரி ஆனாள். எட்டுத் தாள் போயிற்று.

“அது வராது,” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. முரோய் எப்போது எழுந்து வந்தாளோ தெரியவில்லை. மேஜையில் தனியே கிடந்த மஞ்சள் தாளையும் எட்டு மியோக்களையும் அவள் பார்த்துவிட்டாள். பக்கத்தில் யாருமில்லை.

“நீ எப்படிடி போட்ட?” என்றாள் சதோகோ.

“யோசிச்செல்லாம் போடல. ஆறு வருஷமா உன் எதிர்ல உக்காந்திருக்கேன் சதோகோ. நீ என்னையப் பாக்குறது எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா ரெண்டு ரெண்டு ஆப்பிள் வெச்ச?”

“வேற என்ன செய்றதுன்னு தெரியலடி,” என்றாள் முரோய். மெதுவாகத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். குனிந்து அடுத்த கட்டைப் பிரித்தாள்.

சதோகோ மஞ்சள் தாளை எடுத்து, நாலு மூலையும் சரிபார்த்து, இருபத்தேழாம் ஷாட்டின் மேல் வைத்து உறையை மூடினாள். அடுத்து வரைகிறவர்களின் அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள். அங்கே நிற்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. ஓடிப்போய் முரோயிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நேரம். சதோகோவுக்கோ, அந்த ஒரு கோடு தன் கைக்கு வரவில்லையே என்றுதான் அழுகை வந்தது.