காத்து வருதாப்பா?

செல்வகுமார் பானட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தியதும் முன்கண்ணாடி முழுக்க மறைந்துவிட்டது. பின்சீட்டிலிருந்த சத்யாவுக்கு பானட்டுக்கு அடியிலிருந்த சந்து வழியாகத் தம்பியின் கைகள் மட்டும் தெரிந்தன.

அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது. கால்கள் அந்தப் பக்கம் அம்மாவின் மடியில். நடுவில் மடங்கிக் கிடந்தவரை ஒரு காலத்தில் ஆறடி ஆள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஸ்கேன் படம் போட்டுக் கொடுத்த பெரிய உறையை மடித்து சத்யா அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அக்னி நட்சத்திர வெயில். விசிறினால் அனல்தான் இடம் மாறியது.

"டேய், கண்ணாடிய எறக்கிவுட்டுக்கினு போயிடலாம்டா. இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்றாள்.

"கண்ணாடிய எறக்குனா அனல்காத்துதான்க்கா வரும். அஞ்சே நிமிஷம். இன்னான்னு பாத்துடறேன்."

அவனுடைய அஞ்சு நிமிஷம் அவளுக்குத் தெரியாதா? சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு எலக்ட்ரீஷியன். பெல்ட் நின்றுவிட்டால் ஷிஃப்ட் முடிந்தாலும் வீடு திரும்பமாட்டான். பிரேக்டவுனைப் பாதியில் விட்டுவருவது அவன் ஜாதகத்திலேயே கிடையாது. பொண்டாட்டி பிரசவத்துக்கே கிரீஸ் கையோடு வந்து நின்ற ஆள்.

ஆனால் இன்று அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காலையில் கைவிரித்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம், அதில் போய் இறங்கினால் தெருவே பிணம் என்று முடிவு கட்டிவிடும் என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். கடலூர் தாண்டியதும் ஏசி நின்றது. ஃபேன் ஓடியது, ஆனால் வந்ததெல்லாம் வெக்கை. குள்ளஞ்சாவடி நெருங்கும்போது, இரண்டு நாளாக வாய் திறக்காத அப்பா, "வேகுதுடா" என்றார். ஒரே ஒரு சொல். செல்வா அந்த இடத்திலேயே காரை மரநிழலில் ஒதுக்கிவிட்டான்.

வெக்கையைவிட சத்யாவுக்கு வேறொரு பயம் இருந்தது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி, வீட்டுக்கு வெளியில் உயிர் போய்விட்டால் உடம்பை வீட்டுக்குள் ஏற்றமாட்டார்கள். வாசலில் கிடத்தி, வாசலோடே எடுத்துவிடுவார்கள். "என்னத் தெருவுல போட்டுடாதீங்க" என்று போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தார். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வேலை பெர்மனன்ட் ஆகும்வரை வாடகை வீடு வாடகை வீடாக மாறியவர் அவர். ஒரு கூரைக்குக் கீழே சாகவேண்டும் என்பதைத் தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை. அவருடைய தம்பி சின்னதுரை சேத்தியாத்தோப்புப் பக்கத்திலிருந்து வந்து, காலையிலிருந்தே சுரங்கக் குவார்ட்டர்ஸ் வீட்டில் காத்திருந்தார். வழக்கம் என்று வந்தால் அவர் அண்ணன் தம்பி பார்க்கமாட்டார்.

"ஃப்யூஸ் நல்லாருக்குக்கா" என்று முன்னாலிருந்து குரல் வந்தது. "ஏசி கேஸும் இருக்குது. பேட்டரிலேந்து நேரா ஒயர் குடுத்தா கம்ப்ரசர் டக்குனு புடிக்குது. நடுவுல எதுவோதான் வுடமாட்டேங்குது."

"சரிடா. சீக்கிரம்."

அப்போதுதான் அது நடந்தது. அப்பாவின் நெஞ்சு ஒருமுறை மேலே ஏறியது. இறங்கியது. அடுத்ததற்காக சத்யா காத்திருந்தாள். விசிறுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையை அவர் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். கழுத்தோரம் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

கத்தவேண்டும்போல் இருந்தது. வாய் திறந்துவிட்டது. அதற்குள் ஜன்னலோரம் செல்வா வந்து நின்றான். முகமெல்லாம் வேர்வை. கையில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கருப்பு டப்பி.

"ரிலே போயிட்டுதுக்கா. இது தந்தாதான் கம்ப்ரசருக்குக் கரண்டு போவும். ஹாரனுக்கும் இதே ரிலேதான். அதக் கழட்டி இதுல சொருவிடறேன். ஹாரன் அடிக்காது. பரவால்லியா?"

அவன் கண்ணில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம் இருந்தது. அப்பா கேட்டுக் கடைசியாக ஒன்றைச் செய்துகொடுக்கப்போகிற சந்தோஷம். இப்போது சொன்னால் என்ன ஆகும்? நான் நிறுத்தினேன், நிறுத்தாமல் போயிருந்தால் வீடு சேர்ந்திருப்பார் என்று சாகும்வரை இதையே நினைத்துச் சாவான். இவனை அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லை இருபது வருஷம் மென்றுகொண்டிருக்கிற ஜாதி.

சத்யா வேர்வையைத் துடைப்பதுபோல் துண்டை அப்பாவின் கண்ணின்மேல் இழுத்துவிட்டாள்.

"போடுடா" என்றாள்.

அவன் போனபிறகு அம்மாவைப் பார்த்தாள். அதுவரை அப்பாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்த அம்மாவின் கை நின்றிருந்தது. அம்மா அவளைப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து அந்தப் பாதங்களை மூடி, மேலே கையை வைத்துக்கொண்டு வெளியே கரும்பு லாரி போவதைப் பார்த்தாள். தாலிக்கயிறு மட்டும் நெஞ்சில் ஏறி ஏறி இறங்கியது.

முன்னால் 'டக்' என்று சத்தம் கேட்டது. பானட் இறங்கியது. செல்வா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, ஏசியை முழுசாகத் திருகினான். முதலில் வெக்கை, பிறகு வெறும் காற்று, பிறகு நிஜமாகவே குளிர்ந்தது.

"காத்து வருதாப்பா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"வருதுடா. மூஞ்சில நல்லா படுது" என்றாள் சத்யா. அவளுடைய குரலே அவளுக்கு அந்நியமாக இருந்தது.

"தூங்குறாரு. பேச்சுக் குடுக்காம ஓட்டு" என்றாள் அம்மா.

வடலூரில் நாலு ரோடும் அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் இல்லாத கார் என்று யாருக்குத் தெரியும்? செல்வா தலையை வெளியே நீட்டி, "அண்ணே, கொஞ்சம் வழி வுடுங்கண்ணே, பேஷன்ட் இருக்காருண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கும்பிட்டு ஒவ்வொரு வண்டியாக விலக்கினான். அவன் தொண்டை கட்டிப்போனது. சத்யாவின் உடம்பில் வேர்வை அடங்கிச் சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழவும் முடியவில்லை. அழுதால் அவன் கண்ணாடியில் பார்ப்பான். மடியிலிருந்த தலையின் கனத்தை மட்டும் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில் சின்னதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பக்கத்து வீட்டு சந்திரகலா. கூடத்தில் கட்டில் போட்டு, விரிப்பு விரித்துத் தயாராக வைத்திருந்தாள். நெல்லையிலிருந்து வந்து குடியேறியவள் என்றாலும், எந்த ஊர்ச் சாவுக்கும் எது வேண்டும் என்று தெரிந்தவள்.

கார் நின்றதுமே சின்னதுரை கேட்டார்: "உசுரு இருக்குதா அண்ணி?"

"இருக்குது தம்பி. இழுத்துக்கினு இருக்குது. வழிய வுடுங்க" என்றாள் அம்மா, கதவைத் திறந்துகொண்டே.

செல்வா பின்கதவைத் திறந்து, அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். துண்டு நழுவியது. தலை சரிந்து அவன் கழுத்தில் விழுந்தது. அவன் அப்படியே நின்றான். ஒரு கால் கார் படியில், ஒரு கால் தரையில். அவ்வளவுதான், போட்டு உடைக்கப்போகிறான் என்று சத்யா நினைத்தாள். அவன் கன்னத்தை அப்பாவின் நெற்றியில் வைத்து அழுத்தினான். பிறகு அவளைப் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சித்தப்பா, காலப் புடிங்க" என்றான்.

சின்னதுரை குனிந்து பிடித்தவர் நிமிர்ந்தார். "இன்னாடா, காலு இப்புடி ஜில்லுனு இருக்குது?"

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏசில வந்தாரு சித்தப்பா" என்றான் செல்வா. "புதுச்சேரிலேந்து ஏசிலயே வந்தாரு. அப்புடித்தான் இருக்கும். தூக்குங்க."

சின்னதுரை அவன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் சுரங்கத்துக்கு நிலம் போயிருந்தது. என்ன நினைத்தாரோ, காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்குள் ஏறினார்.

கட்டிலில் கிடத்தியதும் சந்திரகலா கிண்ணத்தில் பாலும் கரண்டியும் கொண்டுவந்தாள். "மவன் மொதல்ல ஊத்தட்டும்" என்றார் சின்னதுரை.

செல்வா கட்டிலோரம் மண்டியிட்டான். விரல் முழுக்க இன்னும் கார் அழுக்கு. கரண்டியை அப்பாவின் உதட்டில் வைத்துச் சாய்த்தான். பால் உள்ளே போகவில்லை. கடைவாயில் வழிந்து காதோரம் இறங்கியது.

"முழுங்கிட்டாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

பிறகு கரண்டியை சத்யாவிடம் நீட்டினான். "இந்தாக்கா, நீ குடு."

அவள் பாலை மொண்டுகொண்டு குனிந்தாள். அவள் ஊற்றுவதற்கு முன்பாகவே அவன் துண்டை மடித்து, அப்பாவின் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டான்.