முன்வாசலில் வளர்ந்த செங்கல்

பியற்றிஸின் முன்வாசல் வருடத்துக்கு இரண்டு வரிசைச் செங்கல் உயர்ந்தது. தெற்கு லண்டனில், மாளிகை அழிந்து அதன் குதிரைலாயம் மட்டும் மிஞ்சியிருந்த வளவில், லாயத்தைப் பிரித்துக் கட்டிய வீடுகளில் ஒரு கீழ்வீட்டை அவள் வாங்கியது 2016இல். பாரிசவாதம் வந்த கணவர் அருட்பிரகாசத்தைச் சக்கர நாற்காலியில் ஞாயிறு பூசைக்குக் கொண்டுபோக வேண்டும்; முன்பு இருந்த செவன் கிங்ஸ் வீட்டு வாசலிலோ ஐந்து படி. இங்கே ஒரு படியும் இல்லை என்பதற்காகவே வாங்கினாள். மனிதரிடம் நோய் விட்டுவைத்த ஒரே சொல், ஆமென்று சொல்லும் 'ஓம்'. தேத்தண்ணி வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம்.

முதல் தவக்காலத்தில் வாசலடியில் இரண்டு வரிசை முளைத்தது. பழைய செங்கல், பழைய சுண்ணாம்புச் சாந்து. நாற்காலி ஏறச் சரிவாகப் பலகை வைத்துச் சமாளித்தாள். அடுத்த வருடம் பலகை செங்குத்தாகிவிட, கட்டட வேலை செய்யும் தமக்கை மகன் கிருசாந்தன் வந்து அரைநாள் உடைத்தான். மறுநாள் பார்த்தால் உடைத்ததெல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. "சித்தி, இது என்னாலை ஏலாது," என்று சுத்தியலைத் தூக்கிக்கொண்டு போனான்.

கவுன்சிலில் இருந்து வந்த அம்மணி பழைய வரைபடத்தை விரித்துப் பூரித்துப்போனார். அந்தச் சுவரில் ஆதியில் கதவே இல்லையாம். குதிரைகளுக்குக் காற்று வர, உயரத்தில் ஓர் அரைவட்ட ஜன்னல்தானாம். பாதுகாக்கப்பட்ட கட்டடம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. குதிரைகள் வந்துபோன வாசல் பக்கத்து வீட்டின் குளியலறையாகிவிட்டது. அதுவும் ஒருநாள் திரும்பலாம், எப்போதென்று சொல்ல முடியாது என்றார். உள்ளே மரத்தரை செங்கல் தரையாகி, குதிரை மூத்திரம் வடிவதற்கான சரிவும் நடுவில் ஒரு வடிகானும் வந்திருந்தன. பிரேக் போட மறந்தால் அருட்பிரகாசம் மெல்ல உருண்டு அந்தக் கானில் போய் நின்றார்.

2024இல் சுவர் பியற்றிஸின் நெஞ்சுக்கு வந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்து, அவரைத் தூக்கிப்போக நான்கு பேர் வந்து நின்றார்கள். இன்னும் ஒரு வருடம் போனால் தூக்கவும் ஏலாது. அவள் அவர் முன்னால் முழங்காலில் இருந்தாள்.

"இஞ்சருங்கோ, ஹோமுக்குப் போறியளோ?"

"ஓம்."

"என்னோடை இஞ்சையே இருக்கிறியளோ?"

"ஓம்."

மாற்றி மாற்றிக் கேட்டாள். அவர் கண்ணைப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அழுதாள். தூக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். அது அவருக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

இப்போது வாசலில் மிஞ்சியிருப்பது அந்த அரைவட்ட ஜன்னல் மட்டும்; அவள் ஏணி வைத்து அதன் வழியே வேலைக்குப் போய்வருகிறாள். ஞாயிறுகளில் பங்குச்சாமி, குதிரையேறப் போட்டிருந்த கல்லில் ஏறி நின்று நற்கருணையை அரைவட்ட ஜன்னலால் நீட்டுகிறார். அவள் வாங்கிக்கொண்டு ஏணியால் அவரிடம் இறங்குகிறாள்.

"கிறிஸ்துவின் திருவுடல்," என்கிறார் சாமி வெளியே நின்று.

"ஓம்," என்கிறார் அருட்பிரகாசம்.

பியற்றிஸ் குனிந்து பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறாள்.